மூன்று மன்றங்கள், ஒரே வகுப்பு: வழி சொல்லுங்கள்

குழுவிலுள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்தில் ஒரு படிப்பகம், தக்கலையில் ஒரு விளையாட்டு மன்றம், குலசேகரத்தில் ஓர் இளைஞர் மன்றம். மூன்றும் தனித்தனியே குரூப் 4 தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்தி வந்தோம். போன மாதம் வருகைப் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: மொத்தம் முப்பத்தொரு பேர், அதில் ஆறு பெயர்கள் மூன்றிலும் இருந்தன. பாவம், கணக்கு எங்கே நன்றாக எடுக்கிறார்கள் என்று பஸ் ஏறி அலைந்திருக்கிறார்கள்!

இனி திங்கள்சந்தையில் ஒரே வகுப்பு என்று முடிவு செய்திருக்கிறோம். ஞாயிறு காலை கடற்கரைப் பிள்ளைகளுக்குத் திருப்பலி, குலசேகரத்துப் பிள்ளைகள் சிலருக்கு ரப்பர் பால்வெட்டு. அதனால் பிற்பகல் 2 மணிக்கு.

சிக்கல் பணத்தில். ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி நடத்தியபோதே கோப்பைச் செலவுக்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். புதிதாக ஒன்றைப் பதிவதா, இருக்கும் மன்றங்கள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதுமா? கூட்டு வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்திடுவது? இப்படிச் சேர்ந்து நடத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கணக்குப் பாடம் எடுக்க ஒருவரும் வேண்டும். பஸ் கட்டணமும் தேநீரும் தருவோம், அதற்குமேல் கையில் இல்லை. தேசிய இளைஞர் நாளான ஜனவரி 12 அன்று தொடங்க ஆசை.