ஊசி இல்லாமல் கண்ணின் ரத்த ஓட்டம்: உங்கள் அனுபவம்?

பட்டர்வொர்த் மகன்:
அப்பாவுக்கு 20 வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). போன வருடம் கையில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். ஒரே குமட்டல். சிறுநீர் வேறு பளிச்சென்று மஞ்சளாகப் போனதில் பயந்தே போனார். இந்த முறை பார்வை நரம்புக்கு எம்.ஆர்.ஐ. என்றதும், "ஊசி உண்டா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பிறை ஊரில் வெல்டிங் வேலை பார்த்தவர் அவர். படிவத்தில் அதை எழுதியதும் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. இரும்புத் துகள் உள்ளே தங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. காந்தம் அதை இழுத்துக் கண்ணைக் கிழித்துவிடலாம். நல்லவேளை, ஒன்றும் இல்லை. கிரைண்டிங் செய்தவர்களும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சாயமே இல்லாமல் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முடியாதா என்று டாக்டரிடம் கேட்டேன். முடியும் என்றார். ரத்தத்தில் உள்ள தண்ணீருக்கே காந்த அடையாளம் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவது ரத்த ஓட்டம். எலி மூளையில் 1992இலேயே செய்து காட்டிவிட்டார்கள். கண்ணுக்கு இன்னும் ஆராய்ச்சிதான், டெக்சாஸில் செய்திருக்கிறார்களாம். விழித்திரையின் கனமே கால் மில்லிமீட்டர் சொச்சம், கண் கொஞ்சம் அசைந்தாலும் போச்சு. ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு, சொல்லும்போது மட்டும் சிமிட்ட வேண்டும்.

செந்தூல் அக்கா:
தம்பி, அது வந்தால் எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான் உதவும். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து ஒரே மூட்டம். கேமரா வெளிச்சம் உள்ளே போகவே இல்லை. அல்ட்ராசவுண்ட் வைத்துத்தான் பார்த்தார்கள். காந்தத்துக்கு அந்த மூட்டம் மறைப்பே இல்லை. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலத்துக்குத்தான் கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு போகிறது, அதையும் பார்க்கலாமே.

அப்புறம், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தாலியைக் கழற்ற அம்மா ஒப்பவே இல்லை. மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே போனார். கண் மையையும் துடைக்கச் சொன்னார்கள், சிலவற்றில் இரும்பு கலந்திருக்குமாம்.

பட்டர்வொர்த் மகன்:
அப்பா கதையைக் கேளுங்கள் அக்கா. பார்வை நரம்புக்கு எடுத்த அந்த எம்.ஆர்.ஐ.க்குக் கண்ணை மூடி அசையாமல் இருந்தால் போதும் என்றார்கள். காலையில் பசியாறிவிட்டு வந்தவர், அந்தத் தடதட சத்தத்திலும் தூங்கிவிட்டார். குறட்டையில் தலை ஆடி, படத்தை மறுபடி எடுத்தார்கள். ஸ்பீக்கரில் அந்த மலாய்ப் பெண், "அங்கிள், ஜாங்கான் கெராக்!" (அசையாதீங்க) என்று சொல்லிக்கொண்டே இருந்தது வெளியே எனக்கே கேட்டது.