ரோமில் நடந்த கல்யாணம் செல்லுமா, செல்லாதா?

வம்சவிருட்சம்: அகஸ்டஸ் டெஸ்டே, சசெக்ஸ் கோமகனின் "முறைகேடான மகன்" என்று இங்கே ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கோமகன், அதாவது இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆறாவது மகன் அகஸ்டஸ் ஃபிரெடரிக், 1793 ஏப்ரல் 4 அன்று ரோமில் அகஸ்டா மர்ரேயை மணந்தார். நடத்திவைத்தவர் ஆங்கிலிகன் பாதிரியார். பையன் பிறந்தது 1794 ஜனவரி 13. மாதத்தை எண்ணிப் பாருங்கள். என்ன முறைகேடு?

பழைய வக்கீல்: எழுதியவன் நான்தான். 2015 வரை நடப்பில் இருந்த 1772 அரச திருமணச் சட்டப்படி, இரண்டாம் ஜார்ஜின் வம்சத்தார் அரசரின் சம்மதம் இல்லாமல் கட்டியிருந்தால் அது செல்லாது. 25 வயது தாண்டியவர்களுக்கு வேறு வழி இருந்தது. மாப்பிள்ளைக்கு 20. 1794இல் நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது.

வம்சவிருட்சம்: ரோம் இங்கிலாந்திலா இருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்.

பழைய வக்கீல்: ரோம் கல்யாணம் செல்லும் என்றால், 1793 டிசம்பரில் லண்டன் ஹனோவர் ஸ்கொயர் தேவாலயத்தில் எதற்கு இன்னொரு கல்யாணம்? அதுவும் பட்டத்தை மறைத்து, வெறும் பெயரில் கல்யாண அறிக்கை வாசித்து, நிறைமாதப் பெண்ணைக் கூட்டிப்போய்?

வம்சவிருட்சம்: லண்டனைப் பற்றி நான் கேட்கவில்லை. ரோம். போப்பின் ஆட்சியில் இருந்த ஊரில் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தின் சட்டம் எப்படிச் செல்லும்?

நாஞ்சிலான்: எங்கள் திருவிதாங்கூரிலும் இதே கதைதானே. ராஜாவின் பிள்ளைகள் தம்பிமார், பட்டம் கிடையாது. பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மாவோடு மோதி உயிரை விட்டார்கள்.

பழைய வக்கீல்: ஒன்றும் அதே கதை இல்லை. அங்கே மருமக்கத்தாயம். கல்யாணம் செல்லுமா என்பது அங்கே பிரச்சினை இல்லை; பட்டம் சகோதரி மகனுக்குப் போகும், அவ்வளவுதான். சோழர் வம்சாவளி பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் ஊடே வந்து குழப்பினீர்கள்.

நாஞ்சிலான்: அங்கே என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வம்சவிருட்சம்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ரோமுக்கு வாருங்கள். 1843இல் அப்பா இறந்ததும் மகன் சசெக்ஸ் பட்டம் கேட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குப் போனார். ரோம் கல்யாணம் நடந்ததா என்பதற்குச் சாட்சி சொல்லவே ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவருக்காக வாதாடிய தாமஸ் வைல்டு, பிறகு அந்த மகனின் தங்கை எம்மாவையே 1845இல் மணந்தார். வழக்கில் நம்பிக்கை இல்லாதவரா அந்த வீட்டில் பெண் எடுப்பார்?

பழைய வக்கீல்: பெண் எடுத்தது சட்டத்துக்கு ஆதாரமா? பிரபுக்கள் சபையின் 1844 தீர்ப்பைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே. கல்யாணம் எந்த நாட்டில் நடந்தாலும் சட்டம் அந்த வம்சத்தாரைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். ரோமும் அதில் அடக்கம்.

வம்சவிருட்சம்: அரண்மனைக்கு வேண்டிய தீர்ப்பு. அதே கோமகன் 1831இல் சிசிலியா என்ற பெண்ணை இரண்டாவதாக மணந்ததற்கும் சம்மதம் இல்லை. ஆனால் 1840இல் விக்டோரியா அந்த அம்மாளை இன்வர்னஸ் கோமகள் ஆக்கினார். முதல் மனைவியின் பிள்ளைகளுக்கு மட்டும் டெஸ்டே என்ற ஒட்டுப் பெயர்! அந்த மகன் 1822 முதல் தன் உடம்பு தளர்வதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார், பார்வை மங்கியது, கால் மரத்தது என்று. இன்று மருத்துவர்கள் அதைத் தண்டுவட மரப்பு நோயின் (மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்) மிகப் பழைய பதிவுகளில் ஒன்றாகப் படிக்கிறார்கள். அப்படிப்பட்டவரை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவீர்களா?

பழைய வக்கீல்: நோய்க்கு வருந்துகிறேன். அதனால் பட்டம் வந்துவிடாது. அண்ணன் தங்கை இருவருக்குமே வாரிசில்லை. வம்சாவளியில் அந்தக் கிளை அத்தோடு முடிந்தது. யாருக்காக வழக்காடுகிறீர்கள்?

வம்சவிருட்சம்: வாரிசு இல்லாவிட்டால் பழி நியாயமாகிவிடுமா? "முறைகேடான" என்ற சொல்லை எடுங்கள். எடுக்கும்வரை கேட்பேன்: ரோம் இங்கிலாந்திலா இருக்கிறது?

பழைய வக்கீல்: எடுக்க மாட்டேன். தீர்ப்பைப் படியுங்கள்.

நாஞ்சிலான்: மருமக்கத்தாயத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன். வக்கீல் ஐயா கட்டாயம் வரவும்.