சேப்பாக்கத்திலிருந்து பாதியில் எழுந்து வந்த இரவு

2025 ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி கொல்கத்தாவிடம் தோற்ற ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு, அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியாக நடந்து சென்றேன். அவனுக்கு அதுதான் சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம். ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் தொடரிலிருந்து விலக, தோனி மீண்டும் தலைமையேற்ற முதல் நாள் என்பதால், டாஸ் போடுவதற்கு வெகுநேரம் முன்பே இருக்கைகள் மஞ்சளாகிவிட்டன.

அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன். சேப்பாக்கத்தில் நம் அணி அதுவரை எடுத்தவற்றிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை. கொல்கத்தா 10.1 ஓவரில் ஆட்டத்தை முடித்தது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இளமையில் சென்னை லீக் ஆட்டங்களில் சுழற்பந்து வீசியவராம். கொல்கத்தா அணியின் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி விக்கெட் எடுத்தபோது, எங்களைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் அமைதியாகிவிட, அவர் மட்டும் மெல்லக் கைதட்டினார். என் தங்கை மகன் கோபமாகத் திரும்பிப் பார்த்தான். "கோச்சுக்காத தம்பி, அவனும் நம்ம பையன்தான். இதே கிரவுண்ட்ல நம்ம டீமுக்கு நெட்ஸ்ல பந்து போட்டவன். இன்னிக்கு நமக்கு எதிராவே போடறான்," என்றார் அவர்.

அந்தச் சொல்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. தோல்வியைத் தாங்கிக்கொள்ளத் தெரியாத கூட்டம் அல்ல சேப்பாக்கத்துக் கூட்டம். 1999 ஜனவரியில் டெண்டுல்கர் 136 ரன் அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் டெஸ்டை இழந்தபோது, வென்ற அணிக்காக எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் இது. நம் ஊர் வளர்த்த ஆட்டக்காரர்களை நம் ஊர் அணியில் பார்க்க முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் அணி வெறும் 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தில் அவர் நமக்கு எதிராகவே 96 ரன் அடித்தார். அன்று கோப்பை நமக்கு வந்ததால் அதைப் பலர் மறந்துவிட்டோம். 2025இல் 759 ரன் குவித்துத் தொடரின் முதன்மை ரன் குவிப்பாளராக ஆரஞ்சுத் தொப்பியும் பெற்றார். அதே ஆண்டில் நம் அணி 14 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. ஏலத்தில் எல்லாம் ஓர் அணியின் கையில் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் மூத்த வீரர் அஸ்வினைத் திரும்ப அழைத்துக்கொண்ட அக்கறை, இருபது வயதுக்காரர்கள் மீதும் சற்று முன்னதாகவே விழுந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பெரியமேட்டின் கால்பந்துக் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. 2018 மார்ச் மாதம் அங்குள்ள நேரு விளையாட்டரங்கில், ஐஎஸ்எல் தொடரில் ஆடும் நம் ஊர் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி கோவாவை 3-0 என வென்று இறுதிக்குப் போன அரையிறுதியில், வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஒரு கோல் அடித்தார். அந்தக் கணத்தில் கேலரியில் எழுந்த சத்தத்தை நான் வேறெந்த வெற்றியிலும் கேட்டதில்லை. தெருவில் பந்து உதைத்து வளர்ந்த நம் பையன் அடித்த கோல் என்ற பெருமை அதில் இருந்தது. நான்கு நாள் கழித்து பெங்களூரில் இரண்டாவது கோப்பையும் கிடைத்தது. அடுத்த பருவத்திலோ 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். 2024-25 பருவத்தில் 13 அணிகளில் 11ஆவது இடம். ஆக, ஒரே ஆண்டில் ஊரின் இரண்டு அணிகளையும் பட்டியலின் அடியில் தேட வேண்டியதாயிற்று. சேப்பாக்கத்துக்காவது கூட்டம் வருகிறது. பெரியமேட்டில் காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்ப்பது அதைவிடக் கடினம்.

அன்றிரவு கொல்கத்தா வெற்றியை நெருங்கியபோது, "கிளம்பலாம் மாமா" என்றான் தங்கை மகன். இத்தனை ஆண்டுகளில் ஆட்டம் முடியுமுன் நான் எழுந்ததே இல்லை. அன்று எழுந்தேன். எங்கள் வரிசையில் பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். பெரியவர் கால்களை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார், அவர் எழவில்லை.