ரிம்ஃபயர் பிஸ்டல்: முதல் அடியில் தோட்டா வெடிக்கவில்லை, உதவி தேவை

இருபத்திரண்டன் (முதல் நாள், இரவு 10.40)

வணக்கம். கைத்துப்பாக்கிகளில் .22 ரிம்ஃபயர் வகையை (விளிம்பில் அடித்தால் வெடிக்கும் 0.22 அங்குலத் தோட்டாவைச் சுடுபவை) மட்டும் மூன்று ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். அண்மையில் வாங்கிய ஒரு பழைய பிஸ்டலில் பத்துத் தோட்டாக்களுக்கு இரண்டு மூன்று முதல் அடியில் வெடிப்பதில்லை. வெடித்தவற்றிலும் சில வெற்றுக்கூடுகள் அறையை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) விட்டு வெளியே வர மறுக்கின்றன. முழுவதுமாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் தொல்லை கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுடுகளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன கோளாறாக இருக்கும்?

சிறுகுழல் (இரவு 11.05)

எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, ஏறத்தாழ எந்த ஆண்டைச் சேர்ந்தது, எந்த வகைத் தோட்டாவைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற விவரங்கள் இல்லாமல் எதையும் சொல்ல இயலாது. வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) பதித்த தழும்பு ஆழமாக இருக்கிறதா, மேலோட்டமாக இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் துண்டு) இழுக்காமல், குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாக்களும் உண்டு.

விளிம்புப்பித்தன் (இரவு 11.20)

மாதிரி எதுவாக இருந்தால் என்ன, குற்றம் தோட்டாவில்தான் இருக்கும். சென்டர்ஃபயரில் வெடிமருந்துத் தொப்பி நடுவில் தனியாக இருக்கிறது. ரிம்ஃபயரிலோ தீப்பொறிக் கலவையை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி, விளிம்பின் உட்குழிவு முழுவதும் பரவச் செய்கிறார்கள். ஏதாவது ஓரிடத்தில் கலவை பரவாமல் போயிருந்து, பின் அந்த இடத்தைத் தாக்கினால் ஒன்றும் நடக்காது. வேறு பெட்டித் தோட்டாக்களை வாங்கிப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை இதுதான் விடை.

பழங்கூடு (மறுநாள், காலை 6.15)

கூடு ஒட்டிக்கொள்கிறது என்பதை யாருமே கவனித்ததாகத் தெரியவில்லை. முன்பு வைத்திருந்தவர் லாங் ரைஃபிள் (நீளமான .22 தோட்டா) அறையில் .22 ஷார்ட் தோட்டாக்களை ஏராளமாகச் சுட்டிருப்பார். ஷார்ட் கூடு குட்டையானது என்பதால் அதன் வாய்க்கு முன்னால் அறைச்சுவரில் வளையமாக அரிப்பு விழுகிறது. பிறகு நீளமான கூட்டைச் சுடும்போது பித்தளை அந்த வளையத்துக்குள் விரிந்து பிடித்துக்கொள்கிறது. என்னிடமுள்ள மூன்று ரிவால்வர்களில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

துருவேறாதவன் (காலை 7.30)

பிஸ்டலின் பெயரைக்கூடச் சொல்லாமல் நோய்க்கு மருந்து கேட்பவர் தம்மைச் சேகரிப்பாளர் என்று அழைத்துக்கொள்வதைப் பார்க்கச் சற்று வியப்பாக இருக்கிறது. ".22 மட்டும்" என்பது ஒரு தனித்துறை ஆகாது, தம்பி. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் முதல் ரிவால்வரை .22 ஷார்ட்டுக்காகச் செய்ததிலிருந்து கணக்கிட்டால் அது ஒரு கடல். ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு அதன் சிறு மாற்றங்களையெல்லாம் கற்பதுதான் தேர்ச்சி. எடுத்துக்காட்டாக, கோல்ட் உட்ஸ்மேனின் தொடக்ககாலப் பிஸ்டல்களில் மெயின்ஸ்பிரிங் உறையின் (கைப்பிடியின் பின்பக்கம் முதன்மைச் சுருள்வில்லைத் தாங்கும் பகுதி) பின்புறம் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவை சாதாரண வேகத் தோட்டாக்களுக்கு மட்டுமே உரியவை. 1932 வாக்கில் அதிவேகத் தோட்டாக்களுக்கென மாற்றப்பட்ட உறையில் கிடைக்கோடுகள் இருக்கும். இதை அறியாமல் அதிவேகத் தோட்டாவை ஏற்றுபவர் துப்பாக்கியைத் தானே அடித்து நொறுக்குகிறார். முதலில் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு கேளுங்கள்.

இருபத்திரண்டன் (மாலை 6.50)

பொறுத்தருள்க. படம் இணைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். இது ரூகர் ஸ்டாண்டர்டு. கைப்பிடியில் இருப்பது சிவப்புக் கழுகு. 40 கிரெயின் (குண்டின் எடை) அதிவேக லாங் ரைஃபிள் தோட்டாதான் பயன்படுத்துகிறேன். இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வெடிக்காதவற்றில் தழும்பு மேலோட்டமாகவே இருக்கிறது. அவற்றை எடுத்து மறுபடியும் ஏற்றினால் பெரும்பாலானவை வெடித்துவிடுகின்றன.

விளிம்புப்பித்தன் (மாலை 7.02)

நான் சொன்னதுதான்! மறுபடி ஏற்றும்போது விளிம்பின் வேறொரு இடம் பின்னுக்கு நேரே வருகிறது, அங்கே கலவை இருக்கிறது, வெடிக்கிறது.

கழுகுநோக்கன் (இரவு 8.10)

சிவப்புக் கழுகா! எனில் வெடிக்காத தோட்டாவைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949இல் 37.50 டாலர் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தப் பிஸ்டல்தான் அந்த நிறுவனத்தையே நிலைநிறுத்தியது. கழுகுச் சின்னத்தை வரைந்தவர் ஸ்டர்ம். 1951இல் அவர் மறைந்த பிறகு சிவப்பு நீங்கிக் கழுகு கறுப்பாயிற்று. ஆனால் கைப்பிடித் தகடுகளைக் கழற்றி மாட்டத் திருகாணி முடுக்கி ஒன்று போதும். கறுப்புக் கழுகுப் பிஸ்டலில் சிவப்புத் தகட்டை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தகட்டைப் பார்த்து மயங்காமல், வரிசை எண்ணைக் கொண்டு காலத்தை உறுதி செய்யுங்கள். உண்மையானது என்றால் தயவுசெய்து அதைச் சுடுவதை நிறுத்துங்கள்.

பழங்கூடு (இரவு 8.25)

சுடாமல் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு ஒரு புகைப்படத்தை வாங்கி மாட்டிக்கொள்ளலாமே. உலகெங்கும் இலட்சக்கணக்கில் சுடப்பட்டு வரும் பிஸ்டல் இது.

கழுகுநோக்கன் (இரவு 8.40)

இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை கறுப்புக் கழுகுகள், ஐயா. சிவப்பின் காலம் இரண்டே ஆண்டுகளுக்குச் சற்று மேல். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று.

சிறுகுழல் (இரவு 9.15)

கழுகின் நிறம் சற்றுக் காத்திருக்கட்டும். பித்தன் அவர்களே, கலவை இல்லாத இடத்தில் பின் விழுந்திருந்தால் தழும்பு வழக்கமான ஆழத்தில்தான் இருந்திருக்கும். இங்கே மேலோட்டமாக இருக்கிறது என்கிறார். பழங்கூடு சொல்லும் வளையம் ரிவால்வர்களில் காண்பதுதான் என்றாலும், ஷார்ட் தோட்டாவுக்கு இந்தப் பிஸ்டலின் போல்ட்டைப் பின்னே தள்ளும் வலு போதாது என்பதால் இதில் எவரும் அதைப் பெட்டி பெட்டியாகச் சுட்டிருக்க வாய்ப்பில்லை.

என் ஐயம் வேறு. தோட்டா அறைக்குள் கடைசி மயிரிழை வரை இறங்காமல் நின்றால், பின்னின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். தழும்பு மெலிதாக இருக்கும், இரண்டாம் முறை வெடிக்கும். அப்படி நிற்க வைப்பது பெரும்பாலும் அறை வாயின் விளிம்பில் ஏற்பட்ட நசுங்கல்தான். தோட்டா இல்லாமல் விசையை இழுக்கும்போது பின் நேராக இரும்பில் மோதி, அங்கே ஒரு துளி உலோகத்தை உட்பக்கமாகப் பிதுக்கிவிடுகிறது. வெற்றுக்கூடு ஒட்டுவதற்கும் அந்தப் பிதுக்கமே காரணமாகலாம். வெறும் அறையில் விசையை இழுக்கும் பழக்கம் உண்டா?

துருவேறாதவன் (இரவு 9.40)

இந்த மாதிரியைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ரூகர் ஸ்டாண்டர்டின் போல்ட்டில் ஃபயரிங் பின்னுக்குக் குறுக்கே அதை நிறுத்தும் ஊசி ஒன்று இருக்கிறது. பின் எவ்வளவு தூரம் முன்னேறலாம் என்பதை அதுவே கட்டுப்படுத்துவதால், வெறும் அறையில் ஆயிரம் முறை இழுத்தாலும் அறை விளிம்பைத் தொடாது. என்னுடையதை நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறேன். வேறு எங்காவது தேடுங்கள்.

இருபத்திரண்டன் (இரவு 10.05)

வெறும் அறையில் நான் ஒரு முறைகூட இழுத்ததில்லை.

சிறுகுழல் (இரவு 10.30)

இழுத்திருப்பீர்கள், அறியாமல். ஸ்டாண்டர்டின் மேகசின் ஒன்பது தோட்டாக்கள் கொள்ளும். கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னால் நிற்காமல் மூடிக்கொள்ளும். திறந்து நிற்கும் வசதி இதற்கு அடுத்த மாதிரியான 1982இன் மார்க் டூவில்தான் வந்தது. எண்ணாமல் சுடுபவர் ஒவ்வொரு மேகசினுக்கும் ஒரு முறை வெறும் அறையில் விசையை இழுக்கிறார்.

துருவேறாதவன் ஐயா சொல்வதும் சரியே, அந்த நிறுத்தும் ஊசி அதன் இடத்தில் இருக்கும் வரையில். ஆனால் போல்ட்டை வெளியே எடுத்தால் அது நழுவி விழக்கூடியது, அது இல்லாமலும் துப்பாக்கி கூடிவிடும், சுடவும் செய்யும். சுத்தம் செய்த பிறகு தொல்லை கூடியது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். மாட்டி முடித்தபோது எதுவும் மிஞ்சியதா?

இருபத்திரண்டன் (இரவு 10.48)

ஒரு சிறிய ஊசி மிஞ்சியது. ஹேமர் ஸ்ட்ரட்டை (சுத்தியலையும் சுருள்வில்லையும் இணைக்கும் தண்டு) உரிய இடத்தில் உட்கார வைத்து உறையை மூடுவதற்கே ஒன்றரை மணி நேரம் போராடியதால், மறுபடியும் கழற்ற மனம் வரவில்லை. எல்லாம் இயங்கியது; ஆகவே அது மேசையில் முன்பே கிடந்ததாக இருக்கும் என்று எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

விளிம்புப்பித்தன் (இரவு 10.55)

இருந்தாலும் தோட்டாவையும் மாற்றிப் பார்ப்பது நல்லது.

சிறுகுழல் (இரவு 11.10)

அந்த ஊசியைப் பூட்டும் வரை சுட வேண்டாம். துப்பாக்கி காலியாக இருப்பதை இரு முறை உறுதி செய்துகொண்டு, போல்ட்டை எடுத்துவிட்டு, அறை வாயில் பின் விழும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மரக்குச்சியின் நுனியை விளிம்பைச் சுற்றி ஓட்டினால் பிதுக்கம் தட்டுப்படும். அரத்தால் மட்டும் தொடாதீர்கள். அரம் உலோகத்தை எடுத்துவிடும். நமக்கு வேண்டியது பிதுங்கிய உலோகத்தை வந்த இடத்துக்கே திருப்பித் தள்ளுவது. அதற்கென்று அறையின் அளவுக்குக் கடைந்த, கூம்பு முனையுள்ள கெட்டி எஃகுக் கருவி இருக்கிறது. பழகிய துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை.

கழுகுநோக்கன் (இரவு 11.25)

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது, மேற்பூச்சைத் தொடக்கூடாது என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். "அப்படியே மறுபடி நீலம் பூசித் தருகிறேன்" என்று அன்பாகக் கேட்பார்கள். தேய்ந்த அசல் பூச்சுக்கு இருக்கும் மதிப்பு, புதிதாகப் பூசிய பளபளப்புக்கு ஒருபோதும் கிடையாது.

பழங்கூடு (இரவு 11.31)

அறை விளிம்பைச் சரிசெய்தாலே அது அசல் இல்லை என்று நாளை சொல்வீர்களோ?

கழுகுநோக்கன் (இரவு 11.36)

சொல்ல மாட்டேன். ஆனால் விற்கும்போது வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது என்று சொல்வேன்.

இருபத்திரண்டன் (ஒன்பதாம் நாள், மாலை 5.20)

பிதுக்கம் இருந்தது. சரிசெய்தாயிற்று, ஊசியும் போல்ட்டுக்குள் இருக்கிறது. இன்று தொண்ணூறு தோட்டாக்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. சிறுகுழல் ஐயாவுக்கு நன்றி. வரிசை எண்ணை இன்னும் பார்க்கவில்லை.

சிறுகுழல் (மாலை 6.00)

மகிழ்ச்சி. இனி ஒன்பது வரை எண்ணுங்கள்.

துருவேறாதவன் (இரவு 9.05)

வெறும் அறைப் பயிற்சி செய்ய விரும்பும் மற்றவர்களுக்காக: .22க்கு விற்கும் அலுமினிய மாதிரித் தோட்டாக்களில் பல, ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. சுவரில் திருகாணி இறுக்கப் பயன்படும் மஞ்சள் நிற நான்காம் எண் பிளாஸ்டிக் பிளக்குகள் .22 அறையில் கச்சிதமாக உட்காரும். சில முறை அடி வாங்கியதும் சற்றுத் திருப்பி வைக்கவும், விளிம்பு நைந்ததும் எறிந்துவிடவும்.