சமையலறைக் குழாய் நீர் பழுப்பாக மாறியது: குறை நகர நீரிலா, எங்கள் தாங்கியிலா?

கல்லடி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. குழாய் நீர் இணைப்பு உண்டு. அப்பப்பா காலத்துக் கிணறும் உண்டு. பிறந்து மூன்று மாதமான எங்கள் குழந்தைக்கு, மருத்துவரின் ஆலோசனைப்படி தாய்ப்பாலுடன் புட்டிப்பாலும் கொடுத்து வருகிறோம்.

கடந்த வாரம் நீர் வடிகட்டி விற்பவர் ஒருவர் வந்தார். எங்கள் சமையலறைக் குழாயில் ஒரு குவளையும், தன்னுடைய இயந்திரத்தில் வடித்த நீரில் ஒரு குவளையும் எடுத்து, மின்சாரத்தில் இயங்கும் இரட்டைக் கம்பிகளை இரண்டிலும் அமிழ்த்தினார். ஓரிரு நிமிடங்களில் எங்கள் குவளையில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு திரண்டது; அவருடைய குவளை தெளிவாகவே இருந்தது. "இந்த நகர நீரைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்" என்று அவர் சொன்னதும் அம்மா அழுதேவிட்டார். இயந்திரத்தின் விலையோ என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

பிறகு நண்பர் ஒருவரிடம் ரி.டி.எஸ். மானியை (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் சிறு கருவி) இரவல் வாங்கி நானே அளந்து பார்த்தேன். வாசலில் நீர்மானிக்கு அருகிலுள்ள குழாயில் 140, சமையலறையில் 410, கிணற்றில் 780 என்று காட்டியது. வாசற் குழாயில் குளோரீன் மணம் வருகிறது. சமையலறையில் அந்த மணம் இல்லை, ஆனால் சில நாட்களில் கறுப்புத் துகள்கள் விழுகின்றன. கொதிக்கவைத்துக் குடித்தால் போதுமா, அல்லது கடன்பட்டாவது அந்த இயந்திரத்தை வாங்கத்தான் வேண்டுமா?

சம்மாந்துறையான் எழுதியது:

எங்கள் பக்கத்துக்குக் கொண்டவட்டவான் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். பல வருடங்களாகக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். ஒரு குறையும் இல்லை. எனக்குள்ள ஒரே பயம் குளோரீன்தான், அது புற்றுநோயைத் தரும் என்று சொல்கிறார்கள். ஆகவே இரவு முழுவதும் வாளியைத் திறந்து வைத்து, மணம் போன பிறகே பயன்படுத்துகிறோம். இயந்திரத்துக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், தம்பி.

வாவிக்கரை எழுதியது:

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்தக் கம்பி வித்தையை முடித்துவிடுவோம். அக்கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். உப்புகள் கரைந்துள்ள எந்த நீரிலும் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி அரிக்கப்பட்டு நீருக்குள் கரைந்து, இரும்பு ஐதரொட்சைட்டாகத் திரளும். நீங்கள் கண்ட சேறு கம்பியிலிருந்து வந்ததேயன்றி நீரிலிருந்து வந்ததன்று. வடித்த நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் அங்கே மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அவர் மறுபடி வந்தால், அவருடைய தெளிந்த குவளையில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டு அதே வித்தையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இந்த வித்தை இந்தியாவிலும் சீனாவிலும் பல வருடங்களாக வீடு வீடாகக் காட்டப்பட்டு வருவது.

ஆனால் நீங்களே அளந்த மூன்று எண்கள் அந்தச் சேற்றைவிட எவ்வளவோ பெறுமதியானவை. வாசலில் 140 ஆக இருந்த நீர் சிறிது தூரத்துக் குழாயில் ஓடி 410 ஆவதற்கு வழியே இல்லை. இடையில் வேறொரு நீர் கலந்தாலன்றி அது நடவாது. உங்கள் கிணற்று நீர் 780. இவ்விரண்டையும் கலந்து 410 வரவேண்டுமானால், ஐந்து பங்கில் ஏறத்தாழ இரண்டு பங்கு கிணற்று நீராக இருக்க வேண்டும். குழாய் நீர் வராத வேளைகளுக்காகக் கிணற்று மோட்டரையும் அதே மேல்தாங்கியோடு பொருத்தியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் பகுதியில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இந்த ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால், விற்பனையாளர் நகர நீர் என்று சொல்லிக் குற்றம் சாட்டியது உங்கள் வீட்டுக் கிணற்றைத்தான்.

நகர நீரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நமக்கு வருவது உன்னிச்சைக் குளத்து நீர். வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தக் குளமும் வற்றி, அடியில் ஒட்சிசன் குறையும்போது, சேற்றிலுள்ள இரும்பும் மங்கனீசும் நீரில் கரையும். அதே காலத்தில் பெருகும் பாசிகள் வெளிவிடும் சில சேர்வைகள், பத்தாயிரம் கோடியில் ஒரு பங்களவு இருந்தாலே மண்வாசமாக நம் மூக்குக்கு எட்டிவிடும். அந்த வாசம் அருவருப்பைத் தருமேயொழிய நோயைத் தருவதன்று. மங்கனீசின் கதை சற்று வேறு. அது குளோரீனோடு சேர்ந்து குழாய்களின் உட்சுவரில் கறுப்புப் படலமாகப் படிந்து, நீரின் அமுக்கம் மாறும் நாட்களில் துகள்களாக உரிந்து வரும். இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 மங்கனீசுக்கு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் என எல்லை வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் கொண்டு, 0.08 என்ற தற்காலிக வழிகாட்டி அளவை முன்வைத்தது. எனினும் ஒரு துகளை விரலில் வைத்து நசுக்கிப் பாருங்கள். மை போல இழுபட்டுப் பூசினால் அது பழைய றப்பர் வளையம் சிதைந்து வருவதாகவும் இருக்கலாம்.

இப்போது நான் உண்மையாகவே கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். நம் கரையோர மணலில் வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழியும் கிணறும் நெருங்கியிருக்கின்றன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்று சொல்லப்படுகிறது. சிறு வளவுகளில் அதைக் காண்பது அரிது. மணல் கிருமிகளில் ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்ளும், ஆனால் கழிவிலிருந்து உருவாகி நீரில் கரையும் நைத்திரேற்றைத் தடுக்காது. அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்கவைத்தால் அது போவதில்லை. நீர் ஆவியாகக் குறைவதால் சற்றுச் செறிவடையவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில், குறிப்பாகப் புட்டிப்பால் குடிப்பவர்களில், அது குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அறிக்கை வாங்கும்போது, எண்ணுக்கு அருகில் "நைத்திரேற்றாக" என்று இருக்கிறதா "நைதரசனாக" என்று இருக்கிறதா எனக் கட்டாயம் பாருங்கள். பின்னையது என்றால் 4.4ஆல் பெருக்கிய பிறகே 50உடன் ஒப்பிட வேண்டும். படித்தவர்கள்கூட இதில் தவறியதைக் கண்டிருக்கிறேன்.

சம்மாந்துறை ஐயாவுக்கு ஒரு சொல். குளோரீன் நீரிலுள்ள சேதனப் பொருட்களோடு சேரும்போது குளோரோபோம் போன்ற துணை விளைவுகள் சிறிதளவில் உருவாவது உண்மை. அவற்றுக்கும் எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பயத்தினால் கிருமிநீக்கத்தைக் கைவிடக் கூடாது என்பதில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக இருக்கிறது. கொதிக்கவைத்தாலே குளோரீன் போய்விடும். இரவு முழுவதும் திறந்து வைத்த வாளியில் குளோரீனோடு காவலும் போய்விடுகிறது, நுளம்புக்கும் பல்லிக்கும் வாசலும் திறக்கிறது.

ஆகவே, வாசற் குழாய், சமையலறை, கிணறு ஆகிய மூன்றிலும் தனித்தனியே மாதிரி எடுத்து, நைத்திரேற்று, மங்கனீசு, எஞ்சிய குளோரீன், ஈ. கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பற்றீரியா) ஆகியவற்றைப் பார்க்கச் செய்யுங்கள். நீர் வழங்கல் சபைக்கு 1939 இலக்கத்தில் சொல்லலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அணுகலாம். கிருமிப் பரிசோதனைக்கான போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். அதில் குளோரீனை முறிக்கும் மருந்து இடப்பட்டிருக்கும் என்பதால் கழுவிவிட வேண்டாம். நிரப்பியதும் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். முடிவு தெரியும்வரை குழந்தைக்கான நீரை வாசற் குழாயில் மட்டும் பிடித்து, கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

ஆரையம்பதி அக்கா எழுதியது:

வாவிக்கரை ஐயா சொன்னது எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி: மேல்தாங்கிக்குள் கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தீர்கள்? எங்கள் தாங்கியின் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே அரை விரற்கடைக்குச் சேறும் ஒரு செத்த அணிலும் கிடந்தன. அதற்குப் பிறகு ஒரு வாரம் பிளேன்ரீயே இறங்கவில்லை. சேற்றை வழித்துக் கழுவி, நீர் நிரப்பி, 1000 லீற்றருக்கு 5 சதவீதக் குளோரீன் கரைசல் ஒரு லீற்றர் என்ற கணக்கில் ஊற்றி, குழாய்களிலும் சற்று ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து எல்லாவற்றையும் வெளியேற்றினோம். அந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது.

கிணற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உவர்நீர் நாற்பது அடிவரை ஏறக்கூடும் என்பது கணக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு, கிணற்றை இறைத்து இறைத்தே உப்பைப் போக்கிவிடலாம் என்று நாங்களும் நம்பினோம். இறைக்க இறைக்கக் கைத்ததுதான் மிச்சம். பிறகு வந்த மாரி மழைதான் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழுவியது. ஆகவே வற்றும் காலத்தில் மோட்டரைப் போட்டு மணிக்கணக்காக இறைக்காதீர்கள். எங்கள் அம்மம்மா தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பார். கலங்கல் அடங்கும் என்பது உண்மை, ஆனால் தெளிந்ததெல்லாம் சுத்தம் என்று அந்தக் காலத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

கல்லடி வாசி எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுவதற்கு மன்னிக்கவும். வாவிக்கரை ஐயாவின் ஊகம் சரி: கிணற்று மோட்டரின் குழாயும் நகர நீர்க் குழாயும் ஒரே தாங்கியில்தான் விழுகின்றன. பத்து வருடங்களுக்கு முன்பு அப்பா செய்வித்த ஏற்பாடு என்பதால் நான் அதை மறந்தே போயிருந்தேன்.

பரிசோதனை அறிக்கையின்படி, வாசற் குழாயில் எஞ்சிய குளோரீன் லீற்றருக்கு 0.4 மில்லிகிராம், நைத்திரேற்று மிகக் குறைவு, ஈ. கோலை இல்லை. மங்கனீசு 0.05. சமையலறைக் குழாயில் குளோரீன் இல்லை, ஈ. கோலை இருந்தது. கிணற்று நீருக்கு நேராக நைத்திரேற்று 16 என்று எழுதியிருந்ததைப் பார்த்து அம்மாவிடம் "பயமில்லை" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் ஓரத்தில் "நைதரசனாக" என்ற சொல் கண்ணில் பட்டது. பெருக்கிப் பார்த்தால் 70. நகர நீர் தடைப்படும் நாட்களில் தாங்கி முழுவதும் அந்த நீர்தான் இருந்திருக்கிறது. குழந்தை நல்ல சுகம், மருத்துவரிடமும் காட்டிவிட்டோம்.

கறுப்புத் துகள் றப்பர்தான். வளையத்தை மாற்றிய பிறகு இதுவரை விழவில்லை.

இப்போது வாசலிலிருந்து சமையலறைக்குத் தாங்கியைத் தொடாமல் நேரடிக் குழாய் ஒன்று இழுத்திருக்கிறோம். கிணற்று நீர் குளியலறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும் போகும்படி தனித் தாங்கி வைக்க எண்ணம். நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் நைத்திரேற்றைக் குறைக்கும் என்று அறிகிறேன். அப்படியானால் அதைக் கிணற்றுக்குப் பொருத்துவதில் பயன் உண்டா?

வாவிக்கரை எழுதியது:

குறைக்கும். ஆனால் ஒரு லீற்றர் நல்ல நீருக்காக இரண்டு மூன்று லீற்றரை வெளியே விடும். வற்றும் கிணற்றுக்கு அது சுமை. வடிக்கும்போது குளோரீனும் போய்விடுவதால் வடித்த நீரைப் பல நாட்கள் சேமிக்கவும் முடியாது. வடிப்பான்களை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அவற்றிலேயே பற்றீரியா குடியேறும். வாசலில் நல்ல நீர் வரும்போது அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை. நகர நீர் எட்டாத வளவுகளில் இருப்பவர்களுக்கு என் பதில் வேறாக இருக்கும்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: புதிய நேரடிக் குழாய்க்கும் கிணற்று மோட்டருக்கும் இடையில் எங்கேனும் பழைய இணைப்பு எஞ்சியிருந்தால், நகர நீரின் அமுக்கம் குறையும் வேளையில் உங்கள் மோட்டர் கிணற்று நீரை வீதிக் குழாய்க்குள் தள்ளி அயலவர் வீடுகளுக்கும் அனுப்பிவிடும். வால்வைப் பூட்டி வைத்தால் போதும் என்று குழாய் பொருத்துபவர் சொல்வார். ஒப்புக்கொள்ளாமல், அந்தத் துண்டை வெட்டியெடுத்து மூடியால் அடைக்கச் சொல்லுங்கள்.

கல்லடி வாசி எழுதியது:

இன்று காலை போய்ப் பார்த்தேன். தாங்கிக்குக் கீழே வால்வோடு ஒரு துண்டு இருக்கத்தான் செய்கிறது. நாளை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.