ஸ்லோ நிற்காத போட் எஞ்சின்: பட்டவர்கள் சொல்லுங்கள்

நொச்சிக்குப்பம்

சித்தப்பா மகனின் ஃபைபர் போட்டில் பழைய இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ரேஸ் கொடுத்தால் அருமையாக ஓடுகிறது. கையை எடுத்தால் ஸ்லோவில் (ஐட்லிங்) நிற்காமல் குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. வலை இழுக்கும் நேரம் பார்த்துத்தான் இந்த வேலையைக் காட்டுகிறது. ஒருவர் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகு என்கிறார், இன்னொருவர் கார்புரேட்டரையே மாற்று என்கிறார். உங்களுக்கு இப்படி வந்தபோது என்ன பார்த்தீர்கள்? லாங் டெயில் (நீளத் தண்டு வைத்த) டீசல்காரர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். உங்களுக்குக் கார்புரேட்டரே கிடையாது, கொடுத்து வைத்தவர்கள்.

காசிமேடு, மெக்கானிக்

தம்பி, ஸ்க்ரூ மேல் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். என்னிடம் வரும் எஞ்சின்களில் பாதி, யாரோ ஏற்கெனவே திருகிப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன. ஸ்லோ நிற்கவில்லை என்று, ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றி வைத்துவிடுவார்கள். நியூட்ரலில் நன்றாக நிற்கும், கியர் போடும்போது "டொக்" என்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் கியர் பெட்டியில் கிளட்ச் பல் உடையும். சின்னச் செலவைப் பெரிய செலவாக்கும் வேலை அது.

இதே மாதிரி ஓர் எஞ்சின் வந்தது. இரண்டு பிளக்கையும் கழற்றி, மேல் சிலிண்டருடையது எது, கீழ் சிலிண்டருடையது எது என்று மாறாமல் வைத்தேன். மேலே உள்ளது காபித்தூள் நிறம், சரி. கீழே உள்ளது கறுத்து, எண்ணெயில் நனைந்திருந்தது. இங்கேதான் யோசிக்க வேண்டும். அந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர். அது கெட்டிருந்தால் இரண்டுமே சேர்ந்துதானே படுத்த வேண்டும்? ஒன்று மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் பிளக், காயில், கம்ப்ரஷன், ரீட் வால்வு (உள்ளே போன பெட்ரோல் கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய தகடு) என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

கம்ப்ரஷன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பார்க்கும் நன்றாக இருந்தது. காற்று வாங்கும் மூடியைக் கழற்றி ஸ்லோவில் ஓடவிட்டேன். கார்புரேட்டர் வாயிலிருந்து புகை போலப் பெட்ரோல் திருப்பித் துப்பியது. ரீட் வால்வைப் பிரித்தால், கீழ் தகட்டின் நுனியில் ஒரு துண்டு இல்லை. வேகத்தில் அது தெரியாது, ஸ்லோவில் மானத்தை வாங்கிவிடும். கார்புரேட்டரை நான் தொடவே இல்லை.

முதலில் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பழவேற்காடு

எனக்கு வந்தது வேறு. ஏரிக்குள் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் குலுங்க ஆரம்பித்து நின்றுவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகும். காற்றுத் திருகை மூடி வைத்தே ஓட்டியிருக்கிறான் தம்பி. அதைத் திறந்தும் முழுசாகச் சரியாகவில்லை. குலுங்கும்போது ஓஸில் உள்ள பெட்ரோல் பல்பை (ரப்பர் உருண்டை) கையால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். எஞ்சின் உடனே சமாளித்தது. அப்படியானால் கோளாறு டேங்க், ஓஸ், பெட்ரோல் பம்ப் இந்த வழியில்தான். எஞ்சின் பக்கம் ஓஸ் மாட்டும் கனெக்டரில் ரப்பர் வளையம் வெடித்து, பெட்ரோலோடு காற்றையும் இழுத்துக்கொண்டிருந்தது.

கோவளம்

நொச்சிக்குப்பம் நண்பருக்கு: வேகத்தில் சரி, ஸ்லோவில் மட்டும் தகராறு என்றால் எனக்கு பைலட் ஜெட் (ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) மேல்தான் சந்தேகம். மழைக்காலத்தில் கரையேற்றிப் போட்ட எஞ்சின் எனக்கும் இப்படித்தான் செய்தது. கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் துளை பெரிது, பாதி அடைத்தாலும் ஓடிவிடும். பைலட் ஜெட் துளையோ மயிரிழைதான்.

கழற்றும் முன், கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளை டப்பா மூடியில் பிடித்துப் பாருங்கள். எனக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். கடற்கரைக் காற்றில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஜெட்டைக் கழற்றி கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஊசியை விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் போச்சு. கரண்ட் ஒயரின் ஒற்றைச் செம்பு இழை போதும்.

எண்ணூர்

மண்ணெண்ணெயில் ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லையே? எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் எஞ்சின் இன்னும் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரில் உள்ள மண்ணெண்ணெயைத் தீர்க்க வேண்டும். கரை கண்டதும் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். மறுநாள் விடியலில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் போகும், பிளக்கும் நனையும்.

நொச்சிக்குப்பம்

எங்களுடையது பெட்ரோல்தான், லிட்டருக்கு 20 மில்லி ஆயில். பிளக் இரண்டும் ஒரே நிறம். கோவளம் அண்ணன் சொன்னபடி கிண்ணத்தைத் திறந்தோம், தண்ணீர் இருந்தது. பைலட் ஜெட்டில் ஒளியே தெரியவில்லை. கழுவி மாட்டியபின் ஸ்லோ நிற்கிறது, ஆனால் கியர் போட்டால் கொஞ்சம் தடுமாறுகிறது. மெக்கானிக் அண்ணா, இப்போதாவது ஸ்க்ரூவைத் தொடலாமா?

காசிமேடு, மெக்கானிக்

இப்போது தொடலாம்.

ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். த்ராட்டில் தகட்டுக்கு (ரேஸ் கொடுத்தால் திறக்கும் தகடு) முன்னால், காற்று வரும் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். தகட்டுக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் இருந்தால் மிக்சர் ஸ்க்ரூ; உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் திருகுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். இறுக்கினால் ஊசி முனையில் தழும்பு விழும். பிறகு அதே இடத்துக்குத் திருப்புங்கள். பல மாடல்களில் அது ஒன்றரைச் சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும், உங்கள் மாடலின் புத்தகம் சொல்வதே கணக்கு. எஞ்சினைத் தண்ணீரில் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்குங்கள். கரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் கருகிவிடும். டிரம்மில் வைத்துச் செய்வது பாதி வேலைதான், மீதியை அலை தாண்டிப் போய் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்கட்டும்.

கால் சுற்று திருப்பினால் கொஞ்சம் பொறுங்கள், எஞ்சின் பதில் சொல்ல நேரம் எடுக்கும். பெட்ரோல் குறைந்தால் தும்மும். கூடினால் புகைந்து, தொண்டை அடைத்தது போல இறங்கும். இரண்டுக்கும் நடுவில், பெட்ரோல் கூடும் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளி வையுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது, குறைத்து வைத்தால் பிஸ்டன் காயும். ஸ்பீடு ஸ்க்ரூ கடைசியில்.

நொச்சிக்குப்பம்

செய்தாயிற்று அண்ணா, கியரில் நிற்கிறது. ஆனால் ஸ்க்ரூ ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது. கடலுக்குப் போய் வந்தால் அரைச் சுற்று தானாகத் திரும்பியிருக்கிறது. டேப் சுற்றலாமா?

காசிமேடு, மெக்கானிக்

டேப் வேண்டாம், அதன் பசை பெட்ரோலில் கரைந்து ஜெட்டுக்குள் போகும். பழைய ஸ்பிரிங்கைக் கையோடு எடுத்து வாருங்கள், அளவு பார்த்துப் போட்டுத் தருகிறேன்.