நேரில் பார்த்த பெரிய உலோகச் சிலைகள்

கொக்குவில் பட்டறைக்காரர்:

கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டுகிற ஆள் நான். இங்கிலாந்தில் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது, கேற்ஸ்ஹெட்டில் நிற்கிற ‘வடக்கின் தேவதூதன்’ சிலையைக் காட்டச் சொல்லி நானே கேட்டேன். அன்ரனி கோர்ம்லி வடித்தது. உயரம் 20 மீற்றர், சிறகின் அகலம் 54 மீற்றர். ஏ1 பெருந்தெருவில் வரும்போதே மேட்டில் நிற்பது தெரியும்.

கிட்டப் போனதும் என் கண் நேரே விலா எலும்புபோல வெளியே நிற்கிற தாங்கு தகடுகளுக்குத்தான், அந்த விலாக்களுக்குத்தான், போனது. நாங்கள் என்றால் தாங்கு தகடுகளை உள்ளே மறைத்திருப்போம். அங்கே எல்லாம் வெளியே தெரிகின்றன. மேட்டுக் காற்றை அவ்வளவு பெரிய சிறகுகள் வாங்க, அந்த விசையை விலாக்கள் கீழே இறக்குகின்றன. அடியில் பழைய நிலக்கரிச் சுரங்க நிலம். அதனால் கொங்கிறீற் தூண்களை 20 மீற்றர் ஆழத்துக்கு இறக்கிப் பாறையோடு பிடித்திருக்கிறார்கள். மணிக்கு 160 கிலோமீற்றர் காற்றுக்கும் அசையாது.

அப்புறம் அந்தக் கறள். எங்களிடம் கேற்றில் ஒரு பொட்டுக் கறள் கண்டாலே சுரண்டி, கறள் பிடிக்காமலிருக்க ரெட் ஒக்சைட் பெயின்ற் பூசுவோம். இந்தச் சிலையோ தலையிலிருந்து கால்வரை கறள் நிறம். உருக்கில் செம்பு கலந்திருப்பதால் கறள் உதிராமல் இறுகிப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. தடவிப் பார்த்தேன், கையோடு ஒன்றும் வரவில்லை. பெயின்றே வேண்டாத இரும்பு!

1998 மாசியில் நிறுத்தியது. 100 தொன் உடம்பையும் 50 தொன் சிறகுகள் இரண்டையும் ஹாட்டில்பூலில் செய்து, இரவில் லொறிகளில் தெருவழியே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மாசியில் போரால் எங்களுக்கு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடிக்கிடந்தது. திருகோணமலைக்குக் கப்பலில் போய் வந்தோம். அதை நினைத்து அங்கேயே மனம் கனத்துப்போனது. எங்கள் பெடியளே ஒட்டி நிறுத்திய ஒரு சிலை யாழ்ப்பாணத்துக்கும் வேண்டும். பண்ணைக் கடற்கரையில் நின்றால் தீவுப் பக்கத்தால் வருகிறவர்களுக்கும் தெரியும்.

மானிப்பாய் அக்கா:

தம்பி, பண்ணைக்கு அந்த உருக்குச் சரிவராது. உப்புக் காற்றில் அந்தக் கறள் இறுகாமல் இரும்பைத் தின்றுகொண்டே போகும். கடலோரத்துக்கு 316 வகை ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்தான் நல்லது. சிக்காகோவில் நான் பார்த்த அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேற்’ சிலை அந்த வகைதான். 168 தகடுகள், ஆனால் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. வானமும் மாடிக் கட்டடங்களும் கண்ணாடியில்போல வளைந்து அதில் தெரிகின்றன. அடியால் நடந்தும் போகலாம். 2004 இல் ஒருமுறை திறந்து காட்டிவிட்டு, மறுபடி மூடி ஒட்டுகளை அரைத்து மினுக்கி, 2006 இல்தான் முறையாகத் திறந்தார்கள். ஒட்டுவதைவிட மினுக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். உங்கள் பட்டறைப் பெடியளை அந்த வேலைக்கு இப்போதே பழக்குங்கோ.